84 மாத்திரையும் ஒன்பது நாள் சம்பளமும்

"கண்ணு மஞ்சளாவே இல்லையே, அப்புறம் என்ன காமாலை?"

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்பட்டணத்தில் ஹெபடைட்டிஸ் சி இலவசப் பரிசோதனை நடந்த மறுநாள், சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இது. கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாது. முகாமில் தமிழில் எடுத்துச் சொன்னவரே "இது ஒரு வகை மஞ்சள் காமாலைங்க" என்றுதான் சொல்லியிருப்பார். வேறு எப்படிச் சொல்வது? கல்லீரல் அழற்சி என்றால் மின்னல் எஃப்எம் வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும், யார் மனதிலும் ஒட்டாது. ஆக, நம் கையில் இருக்கிற ஒரே வீட்டுச் சொல் காமாலை. அந்தச் சொல்லுக்குள்ளேயே மஞ்சள் நிறம் இருக்கிறது, கீழாநெல்லி இருக்கிறது, உப்பில்லாப் பத்தியம் இருக்கிறது, மூன்று நான்கு வாரத்தில் எழுந்து நடமாடிய பக்கத்து வீட்டுப் பையனும் இருக்கிறான்.

அந்தப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ. அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும், பிறகு தானாகவே விலகும். கீழாநெல்லி குடித்தாலும் விலகும், குடிக்காவிட்டாலும் விலகும். பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். சி அப்படிப்பட்ட ஆள் இல்லை. ரத்தத்தின் வழியாக நுழைகிறது, நுழையும்போது பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் காட்டுவதில்லை. தொற்றியவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் அப்படியே தங்கிவிடும். தங்கியவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப் போகும். கடைசியில் கண் மஞ்சளாகத்தான் செய்யும். ஆனால் அது வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, ரத்தமாக வாந்தி எடுக்கிற கட்டத்தில். நம் ஊரில் 'அடையாளம்' என்று எதற்காகக் காத்திருக்கிறோமோ, அது இந்த நோயில் முடிவுரை.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி அல்ல, அதற்குப் படித்தவர்கள் சொல்லும் பதில். "மருந்து சும்மா கொடுக்குறாங்க. வந்து வாங்கிக்காதது அவங்க தப்பு." முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. அதற்கு நான் சொல்லும் காரணமெல்லாம் கணக்குச் சம்பந்தப்பட்டது.

விலை இறங்கிய கதை

மருந்து சும்மா கிடைக்கும் நிலை எப்படி வந்தது என்பதை நம் ஆட்கள் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன். சி கிருமி 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் இருந்த வைத்தியம் இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒன்று வீதம் 24 அல்லது 48 வாரம், கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், ரத்தச்சோகை, மனச்சோர்வு என்று ஆளைப் படுக்கப் போட்டுவிடும், அப்படியும் குணம் நிச்சயமில்லை. 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்தது. நாளைக்கு ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை, 12 வாரம், மொத்தம் 84 மாத்திரை. இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் முழுக்கக் குணம். அமெரிக்காவில் கிலியட் நிறுவனம் வைத்த விலை 84,000 டாலர். மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர் என்று வைத்துப் பெருக்கினாற்போல.

ஏழை நாடுகளுக்கு மலிவு விலையில் செய்து விற்க 2014-இல் கிலியட் இந்திய நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தபோது, அந்த 91 நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. நாம் நடுத்தர வருமான நாடு. இரட்டைக் கோபுரம் கட்டியவர்கள், கொடுக்க முடியும் என்று கணக்கு. சுங்கை சிப்புட்டில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவரின் வருமானம் அந்த நடுத்தரத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு வருகிறது (மாத்திரைக் கணக்கும் பிரிவு எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்). பொதுநலத்துக்குத் தேவை என்றால், காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே அந்தப் பொருளை அரசாங்கம் பயன்படுத்திக்கொள்ளலாம். உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு, தன் மருந்தைத் தொடர்ந்து விற்கவும் தடையில்லை. மலேசியா இதை ஏற்கெனவே ஒருமுறை, 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்காகச் செய்திருந்தது. பினாங்கில் இருக்கும் மூன்றாம் உலக வலையமைப்பு போன்ற அமைப்புகள் சோஃபோஸ்புவிருக்கும் அதையே செய்யச் சொல்லி விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. 2017 ஆகஸ்டில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதே மாதத்தில் கிலியட்டும் தன் பட்டியலில் மலேசியாவைச் சேர்த்தது. அத்தோடு விட்டிருக்கலாம், விடவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி, அன்றைய சுகாதார அமைச்சரும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவருமான டாக்டர் எஸ். சுப்ரமணியம், அரசாங்க மருத்துவமனைகளுக்காக இந்த உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்று அறிவித்தார். சோஃபோஸ்புவிருக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. ம.இ.கா.வைப் பற்றி ஆயிரம் சண்டை போடலாம், நானும் போடுவேன். இந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் கும்பிடு போடத்தான் வேண்டும்.

இதே காலத்தில் எகிப்தின் ஃபார்க்கோ நிறுவனத்தோடு டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கமற்ற ஆய்வு அமைப்பு, முழு வைத்தியத்தையும் 300 டாலருக்குள் கொடுக்க 2016-இல் ஒப்பந்தம் போட்டிருந்தது. சோஃபோஸ்புவிரோடு ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். 2021 ஜூனில் மலேசியா ராவிடாஸ்விரைப் பதிவும் செய்தது. இப்படி 84,000 டாலர் 300 டாலராக இறங்கி, நோயாளிக்கு வந்து சேரும்போது சும்மாவாகிவிட்டது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி, அவ்வளவுதான். பிறகும் ஏன் மாத்திரை ஆளிடம் போய்ச் சேரவில்லை?

ஒரு கோடு, இரண்டு கோடு

முகாமில் செய்யும் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். விரலை மாடு கறப்பது போல் பிழிந்தால் ரத்தத்தோடு சதைநீரும் கலந்துவிடும். தட்டையான பிளாஸ்டிக் பட்டையின் குழியில் ரத்தத்தை விட்டு, மேலே கரைசலைச் சொட்டு எண்ணி விட வேண்டும். பிறகு பட்டையின் உறையில் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் பார்த்தாலும் தப்பு, ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தாலும் தப்பு, காய்ந்த பட்டையில் இல்லாத கோடு தோன்றும். 'சி' என்ற இடத்தில் (இது ஹெபடைட்டிஸ் சி அல்ல, பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் கன்ட்ரோல் கோடு) கோடு வரவில்லையென்றால் பட்டையே செல்லாது, இன்னொன்று எடுக்க வேண்டும். 'டி' பக்கத்தில், அதாவது டெஸ்ட் கோடு, மங்கலாக வந்தாலும் வந்ததுதான். "லேசாத்தான் இருக்கு, பரவால்ல" என்று இதில் சொல்லக்கூடாது.

இரண்டு கோடு வந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. பட்டை காட்டுவது கிருமியை அல்ல, கிருமியோடு உடம்பு சண்டை போட்ட தடயத்தை. தானாகவே கிருமியை விரட்டிவிட்டவருக்கும் இரண்டு கோடு வரும். இப்போதும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். அதற்குக் கையில் நரம்பு தேடி ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, சில மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் சுற்றிப் பிரித்து, குளிரில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பெரும்பாலோர் தொலைந்து போவது இந்த இரண்டு ரத்தத்துக்கும் இடையில்தான். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இரண்டு கோடு பார்த்தவரின் கையில் மலாயில் எழுதிய ஒரு சூராட்டை (கடிதத்தை) கொடுத்து, "கிளினிக்குக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறோம். அது வீட்டில் கரண்ட் பில், தண்ணி பில்லோடு சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணும் மஞ்சளாகவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த தீபாவளியும் வந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. இரண்டு கோடு தெரிந்த அதே நிமிடத்தில், அதே நாற்காலியில் உட்காரவைத்து, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துவிட வேண்டும். முகாமுக்கு ஒரு பனிப்பெட்டியும், ரத்தம் எடுக்கத் தெரிந்த ஒரு மிசியும் (தாதியும்), மாலைக்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேரும் ஒரு வேனும் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடம் வாங்காது என்றால் முகாமை வேறு கிழமைக்கு மாற்றுங்கள், ஆளை அலையவிடாதீர்கள். டிபி சோதனைக்கு வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே இந்தச் சோதனையையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், அதற்கான குப்பி இருந்தால்.

அலைச்சலுக்கு என்ன விலை

பழைய வழியில் எத்தனை நாள் போகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தம் கொடுக்க ஒரு நாள். முடிவு கேட்க ஒரு நாள். ஈப்போவில் நிபுணரை முதன்முதலாகப் பார்க்க ஒரு நாள். ஸ்கேனுக்கும் மற்ற ரத்தச் சோதனைகளுக்கும் ஒரு நாள். மருந்து தொடங்க ஒரு நாள். நான்காம் வாரம், எட்டாம் வாரம் மாத்திரை வாங்க இரண்டு நாள். பன்னிரண்டாம் வாரம் ஒரு நாள். மருந்து முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து, கிருமி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க ஒரு நாள். ஆக ஒன்பது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர், கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு தூரமே இல்லை. பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு, அதிலும் பட்டணத்துக்கு வரவே உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் யாராவது கொண்டுவந்து விட வேண்டியவருக்கு, அது முழு நாள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஒன்பது நாளுக்கு 588 வெள்ளிக்கு மேல். பஸ் காசும் சாப்பாடும் இதில் இல்லை. இலவச மருந்தின் விலை இது.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) இருக்கிறதே என்பார்கள். வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுக்குள் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டுதான். ஆனால் சும்மா ரத்தம் கொடுத்துவிட்டு வருபவருக்கு பெரும்பாலும் கிடைப்பது எம்சி அல்ல, டைம் சிலிப். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கிளினிக்கில் இருந்தார் என்று சான்று. காலை ஆறு மணிக்குப் பிரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) நிற்க வேண்டியவர், பன்னிரண்டுக்கு மேல் எந்த வேலைக்குப் போய்ச் சேர்வது? கிளீனிங் கான்ட்ராக்டிலும் நாள் கூலியிலும் இருப்பவர்களுக்கு இந்தக் காகிதங்களே எட்டாத விஷயம். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசியோடும் (அடையாள அட்டை) பச்சை ஐசியோடும் வாழ்கிற நம் ஆட்களின் கதை தனி.

இந்த ஒன்பதை மூன்று நான்காகக் குறைக்க முடியும். குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கிற அரசாங்க கிளினிக்கிலேயே, கல்லீரல் இறுகாதவர்களுக்கு வைத்தியத்தை முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதும் இதைத்தான்: வீட்டுக்குப் பக்கத்தில், சாதாரண டாக்டர்களே கொடுக்கட்டும் என்று. கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பத்திலேயே பெரிய ஸ்கேன் தேவையில்லை, ஏப்ரி என்ற கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவை ஆய்வுக்கூடத்தின் மேல் வரம்பால் வகுத்து, வந்ததைத் தட்டணு எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 60, வரம்பு 40, தட்டணு 250 ஆயிரம் என்றால் 0.6 வரும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் இறுக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டுக்கு மேலே போனால் பெரிய ஆஸ்பத்திரிதான், மருந்தும் பெரும்பாலும் 24 வாரம். இதிலும் ஒரு சின்ன இடறல்: சில ஆய்வுக்கூடங்களில் கல்லீரல் சோதனை என்று எழுதினால் ஏ.எல்.டி. என்ற இன்னொரு நொதி மட்டும்தான் வரும், ஏ.எஸ்.டி.யைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். எழுத மறந்தால் இன்னொரு நாள், இன்னொரு 65 வெள்ளி.

மாத்திரையை ஏன் மாதம் மாதம் கொடுக்கிறார்கள்? புட்டிக்கு 28 மாத்திரை, மூன்று புட்டி. மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் தொலைத்துவிடுவார், பாதியில் விட்டுவிடுவார் என்ற பயம். ஒரு மாத்திரை ஆயிரம் டாலராக இருந்தபோது பூட்டி வைத்து எண்ணிக் கொடுத்ததில் நியாயம் இருந்தது. விலை இறங்கியும் கொடுக்கிற கை மட்டும் பழைய விலையிலேயே இருக்கிறது.

ஆனால் அவசரத்தில் விடக்கூடாதவை சில இருக்கின்றன. மருந்து தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம், சி போகும்போது உள்ளே அடங்கிக் கிடந்த பி கிளம்பலாம். இதயத்துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர், டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர், வலிப்புக்கு ஃபெனிட்டோயினோ கார்பமஸெப்பீனோ சாப்பிடுபவர் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்களுக்கு முக்கியமாக: இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கிருமி குறையக் குறைய சர்க்கரையும் இறங்கலாம், பழைய அளவு மருந்தே மயக்கம் போட வைக்கும். வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால் அந்த 12 வாரமும் அடிக்கடி பார்ப்பது நல்லது. கீழாநெல்லியை நிறுத்தி வையுங்கள். மாத்திரையை மறந்து 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம், அதற்கு மேலே என்றால் மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஒன்று மட்டும்.

வரிசையில் கேட்கும் கேள்வி

நாள் கணக்கில் அடங்காத தடை இன்னொன்று. முகாமில் பெயர் பதியும் மேசையில் இப்படி நடப்பது சகஜம்:

"ஆன்ட்டி, இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன் மிசி. தோட்டத்து டிரஸ்ஸர் போடுவாரே."

"அந்த ஊசி இல்ல ஆன்ட்டி. போதை ஊசி."

பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். இந்தப் படிவத்தை எழுதியவருக்கு, கேள்வியை வாய்விட்டுக் கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. போதை ஊசி ஒரு முக்கியமான வழிதான், மறைப்பதற்கில்லை. ஆனால் மலேசியாவில் தானம் வாங்கும் ரத்தத்தில் சி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியதே 1994-இல். அதற்கு முன்னால் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்து ரத்தம் ஏற்றிக்கொண்ட பால்மரத்துக் காலத்து அம்மாக்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். சுத்தம் செய்யாத ஊசியால் பச்சை குத்தியவர்கள், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "1994-க்கு முன்னாடி ஒங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா ஆன்ட்டி?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் மற்றதற்கும் பதில் வரும். மீதியைக் காகிதத்தில் டிக் போட விட்டுவிடலாம்.

உண்மையிலேயே ஊசி பழக்கம் இருந்தவர்களுக்கு வழி இன்னும் சுலபம், யாரும் கவனிப்பதில்லை. 2005 முதல் மெத்தடோன் திட்டம் (போதைக்குப் பதிலாக மருந்து கொடுப்பது) நடக்கிறது. கிளினிக் கவுன்டருக்கு வந்து மருந்தைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதே கவுன்டரில் சி மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தான்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டு, டம்ளர், கட்டிப்பிடிப்பது, ஒரே படுக்கையில் தூங்குவது, இதிலெல்லாம் சி பரவாது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். தடுப்பூசி கிடையாது. குணமானவருக்கு மறுபடி தொற்றவும் கூடும். கல்லீரல் ஏற்கெனவே இறுகியிருந்தால் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும், புற்றுநோய் பயம் அவர்களுக்கு மட்டும் முழுதாக விலகுவதில்லை.

கடைசி ரத்தச் சோதனையில் 'கிருமி காணப்படவில்லை' என்று வந்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குணமான பிறகும் விரல் குத்தும் பட்டையில் பெரும்பாலும் ஆயுளுக்கும் இரண்டு கோடுதான் வரும். இரண்டு வருடம் கழித்து வேறொரு முகாமில், வேறொரு மிசி, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு சூராட் எழுதிக் கொடுப்பார், ஒன்பது நாளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தத் தாளை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஐசி இருக்கிற பர்ஸிலேயே மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.